கான்கிரீட்டுக்குள் கம்பித் துண்டுகள்: நூறு வருஷம் தாமதமான ஒரு யோசனை

இன்னைக்கு எபிசோடை ஒரு சத்தத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

காலேஜில் நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். ஹாஸ்டலில் என் ரூம்மேட் சிவில். மூணாவது வருஷம் ஒரு நாள், "மச்சி, லேபுக்கு வா, பீம் உடைக்கப் போறோம்" என்று கூப்பிட்டான். போனேன். அரை மீட்டர் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கட்டை. ரெண்டு முனையிலும் தாங்கி வைத்து, நடுவில் மெஷின் மெதுவாக அழுத்துகிறது. ரொம்ப நேரம் ஒண்ணுமே நடக்கவில்லை. போரடித்து மொபைலை எடுத்தேன். அந்த நொடியில் "படார்". நிமிர்ந்து பார்த்தால் கட்டை ரெண்டு துண்டாகக் கிடக்கிறது. விரிசல் வந்ததையும் நான் பார்க்கவில்லை, உடைந்ததையும் பார்க்கவில்லை. ரெண்டுக்கும் நடுவில் பார்ப்பதற்கு நேரமே இல்லை.

அடுத்து இன்னொரு கட்டை. பார்க்க அச்சு அசல் அதே மாதிரி. ஒரே வித்தியாசம், கலவை போடும்போது அதில் ஒரு கைப்பிடி அளவு சின்னச் சின்ன எஃகுக் கம்பித் துண்டுகளைப் போட்டிருந்தார்கள். இதுவும் கிட்டத்தட்ட அதே சுமையில்தான் விரிசல் விட்டது. ஆனா விழவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. விரிசல் அகலமாகிக்கொண்டே போனது. உள்ளே கம்பித் துண்டுகள் ரெண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பது கண்ணுக்கே தெரிந்தது. மெஷினை நிறுத்தின பிறகும் அது ஒரே கட்டைதான்.

நான் அவனிடம் கேட்டேன்: "ரெண்டும் ஒரே லோடுலதானே விரிசல் விட்டுச்சு? அப்புறம் கம்பி போட்டு என்னடா பிரயோஜனம்?"

இந்த எபிசோட் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான். ஏன்னா, அதே கேள்வியில் மாட்டிக்கொண்டு இந்த யோசனை ஏறக்குறைய நூறு வருஷம் காகிதத்திலேயே கிடந்தது.

வைக்கோல் போட்ட சுவர்

எங்க அம்மாச்சி வீட்டின் பழைய கொட்டகை மண் சுவர். களிமண்ணைக் குழைக்கும்போது வைக்கோலை வெட்டிப் போட்டு, காலால் மிதி மிதி என்று மிதித்துத்தான் அந்தச் சுவரை வைத்ததாகச் சொல்வார். வைக்கோல் இல்லாவிட்டால் மண் காயும்போது பாளம் பாளமாக வெடித்துவிடும். எகிப்திலும் மெசபடோமியாவிலும் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னாலேயே மண் செங்கல்லில் வைக்கோல் போட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் சுவர்ப் பூச்சில் குதிரை முடியைக் கலந்தார்கள். ஆக, "வெடிக்கிற பொருளுக்குள் இழையைப் போடு" என்பது மனிதர்களுக்கு ரொம்பப் பழைய அறிவு.

1824-ல் இங்கிலாந்தின் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்ட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் சேர்ந்தால் கான்கிரீட். அழுத்தினால் அசராத பொருள் இது. இழுத்தால் மட்டும் ரொம்ப வீக். அழுத்தத்தைத் தாங்குவதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இழுவையைத் தாங்கும். ஒரு பீம் வளையும்போது அதன் மேல்பக்கம் அழுந்தும், கீழ்ப்பக்கம் இழுபடும். லேபில் கட்டை கீழே இருந்து பிளந்ததற்குக் காரணம் அதுதான்.

இதற்கு 19-ஆம் நூற்றாண்டு கண்டுபிடித்த பதில், நீளமான கம்பி. பிரான்ஸில் ஜோசப் லாம்போ கம்பி வலைமேல் சிமெண்ட் பூசி ஒரு படகே கட்டி, 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். ஜோசப் மோனியே என்ற தோட்டக்காரர் 1867-ல் கம்பி வைத்த பூந்தொட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். இன்னைக்கு நம்ம தெருவில் எழும்பும் ஒவ்வொரு தூணுக்குள்ளும் கம்பி கட்டி, ரிங் மாட்டி நிற்கும் கூட்டுக்கு இப்படிப்பட்ட படகும் பூந்தொட்டியும்தான் தொடக்கம்.

காகிதத்திலேயே கிடந்த காப்புரிமைகள்

அப்போ வைக்கோல் யோசனை என்ன ஆச்சு? மறந்துபோகவில்லை. 1874-லேயே அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பெரார்டு என்பவர், கழிவு இரும்புத் துகளைக் கலவையில் போட்டு செயற்கைக் கல் செய்வதற்குக் காப்புரிமை வாங்கினார். 1910-ல் போர்ட்டர் என்பவர், சின்னக் கம்பித் துண்டுகளைக் கான்கிரீட்டில் கலக்கலாம் என்று எழுதினார். 1918-ல் பிரான்ஸில் ஆல்ஃப்சென் இன்னும் ஒரு படி மேலே போனார்: இழைகளின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கட்டும், முடிந்தால் முனையை வளைத்து விடுங்கள் என்றார். இந்த "முனையை வளை" என்பதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவேன். 1927-ல் கலிஃபோர்னியாவில் மார்ட்டின் என்பவர், நெளிநெளியான கம்பித் துண்டுகளைக் கான்கிரீட் பைப்பில் போடச் சொன்னார்.

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் ஜார்ஜ் கான்ஸ்டன்டினெஸ்கோ. ருமேனியாவில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்தவர். முதல் உலகப்போரில், சுற்றுகிற புரொப்பல்லரின் இறக்கைகளில் படாமல், அவற்றின் இடைவெளி வழியாக மெஷின் கன் சுடுவதற்கான டைமிங் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அவர் 1943-ல் சுருள் கம்பிகளைக் கான்கிரீட்டில் கலப்பதற்குக் காப்புரிமை வாங்கினார். அவர் பேசியது வலிமையைப் பற்றி மட்டும் இல்லை. விரிசல் எப்படிப் பரவும், உடையும்போது எவ்வளவு ஆற்றலை அந்தப் பொருள் உள்வாங்கும் என்பதைப் பற்றியும் பேசினார். அதுதான் சரியான கேள்வி. ஆனா அதைப் பிடித்துக்கொண்டு மேலே போக அப்போ ஆள் இல்லை.

இத்தனை பேர் சொல்லியும் ஏன் நடக்கவில்லை? என் புரிதல் இது: எல்லோரும் கம்பித் துண்டை நீளக் கம்பியோடு போட்டிக்கு நிறுத்தினார்கள். "இதைப் போட்டால் எவ்வளவு கூடுதல் சுமை தாங்கும்?" அந்தப் போட்டியில் நீளக் கம்பிதான் ஜெயிக்கும். எங்கே இழுவை வருமோ சரியாக அங்கே, அந்தத் திசையில், முழு நீளத்துக்கு அது இருக்கிறது. கம்பித் துண்டுகளோ கண்ட இடத்தில், கண்ட திசையில் கிடக்கும்.

இதே காலத்தில் ஒரே ஒரு இழை மட்டும் சிமெண்ட்டோடு சேர்ந்து உலகம் முழுக்கப் போனது. ஆஸ்திரியாவின் லூட்விக் ஹாட்செக், காகிதம் செய்கிற மாதிரி மெஷினில் சிமெண்ட்டையும் ஆஸ்பெஸ்டாஸையும் சேர்த்து மெல்லிய தகடு செய்தார். 1901-ல் காப்புரிமை. நம்ம ஊர் 'ஆஸ்பெட்டாஸ் ஷீட்' கூரைக்கு மூதாதை அதுதான். மெல்லியது, மலிவு, தீப்பிடிக்காது. ஆனா அந்த இழையின் தூசி நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய். பிற்பாடு பல நாடுகள் அதைத் தடை செய்தன. நம்ம நாட்டில் அந்தக் கூரைக்குக் கீழே இன்னும் கோடிக்கணக்கான பேர் தூங்குகிறார்கள். அது தனி எபிசோடுக்கான விஷயம்.

துணிக்கடைக்காரருக்குத் தெரிந்த ரகசியம்

ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீங்க. முதலில் ஓரத்தில் கத்திரியால் ஒரு சின்ன வெட்டு. அப்புறம் ரெண்டு கையாலும் இழுத்தால் "சர்ர்ர்" என்று நேராகக் கிழிந்துவிடும். அந்த வெட்டு இல்லாமல் இழுத்துப் பாருங்க, கைதான் வலிக்கும். இழுக்கிற விசை முழுக்க அந்த வெட்டின் நுனியில் போய்க் குவிகிறது.

இதைக் கண்ணாடியில் ஆராய்ந்து கணக்காக எழுதியவர், இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித். 1921-ல் வந்த அவருடைய கட்டுரையின் சாரம்: ஒரு பொருள் அதன் கணக்குப்படியான வலிமைக்கு ரொம்ப முன்னாடியே உடைவதற்குக் காரணம், அதற்குள் ஏற்கெனவே இருக்கும் நுண்ணிய விரிசல்கள். விரிசல் ஒரு அளவைத் தாண்டிவிட்டால், அப்புறம் அது தானாகவே ஓடும்.

கான்கிரீட்டுக்குள் இப்படிப்பட்ட விரிசல்களுக்குப் பஞ்சமே இல்லை. அது காய்ந்து சுருங்கும்போதே ஜல்லியைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் வந்துவிடும்.

1963. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரம், கார்னகி தொழில்நுட்பக் கழகம். ஜேம்ஸ் ரோமுவால்டி, கார்டன் பேட்சன் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் பேச்சு, கான்கிரீட்டில் விரிசலை எப்படித் தடுத்து நிறுத்துவது என்பதைப் பற்றி. நெருக்கமாக, சில மில்லிமீட்டர் இடைவெளியில் மெல்லிய கம்பிகள் இருந்தால், ஓடி வருகிற விரிசல் ஒவ்வொரு கம்பியிலும் முட்டி நிற்கும் என்றார்கள். அடுத்த வருஷமே ரோமுவால்டி, மாண்டெல் என்பவரோடு சேர்ந்து, கம்பி நீளமாக இருக்க வேண்டியதில்லை, துண்டு துண்டாக வெட்டிக் கலவையில் போட்டாலும் போதும் என்று எழுதினார். பெரார்டுக்குப் பிறகு 90 வருஷம் கழித்து, 'ஏன்' என்பதற்கு ஒரு கோட்பாடு கிடைத்தது. பணமும் ஆராய்ச்சியும் பின்னாலேயே வந்தன.

இங்கேதான் ஒரு திருப்பம். அந்தக் கோட்பாடு சொன்ன முக்கியமான விஷயம் சரியாக வரவில்லை. கம்பிகளை நெருக்கமாகப் போட்டால் முதல் விரிசல் வருகிற சுமையே நிறைய கூடும் என்று அது கணித்தது. மற்ற ஆய்வுக்கூடங்களில் செய்து பார்த்தபோது அந்தக் கூடுதல் ரொம்பக் கொஞ்சம். 1971-ல் இந்தியாவில் பிறந்த சுரேந்திர ஷாவும் விஜய ரங்கனும் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டின: வலிமையில் சின்ன மாற்றம்தான். ஆனா முழுசாக உடைவதற்கு முன் உள்வாங்குகிற ஆற்றல் பல மடங்கு.

ஹாஸ்டல் நண்பனிடம் நான் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். கம்பித் துண்டுகளின் வேலை, விரிசல் வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. உடையாமல் இருப்பது வேறு, உடைந்த பிறகு எப்படி நடந்துகொள்வது என்பது வேறு. இரண்டாவதற்கு இன்ஜினியர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: டஃப்னெஸ். தமிழில் கடினத்தன்மை என்று எழுதுவதைவிட, தாக்குப்பிடிக்கும் குணம் என்று சொன்னால் நெருக்கமாக இருக்கும்.

உப்புமாவும் ஸ்டேப்ளர் பின்னும்

1971 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஆஷ்லாண்ட் ஊருக்குப் பக்கத்தில் லாரி எடை போடும் இடத்துத் தரையில் எஃகு இழைக் கான்கிரீட்டைப் போட்டார்கள். நிஜமான போக்குவரத்துக்குப் போட்ட ஆரம்பகாலத் தளங்களில் ஒன்று அது. லேபை விட்டு வெளியே வந்ததும் நடைமுறைத் தொல்லைகளும் வந்தன.

முதல் தொல்லை, கட்டி. மெல்லிய நீளமான கம்பிகளை மிக்சரில் கொட்டினால், உப்புமாவில் ரவை கட்டி தட்டுகிற மாதிரி ஒன்றோடொன்று பின்னி உருண்டையாகிவிடும். நீளம் கூட, விட்டம் குறைய, கட்டியும் கூடும். ரெண்டாவது தொல்லை, பிடிமானம். நேரான வழுக்குக் கம்பி, விரிசல் திறந்ததும் சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிடும். கட்டி தட்டாமல் இருக்கக் குட்டையாக்கினால் பிடிமானம் போச்சு. பிடிமானத்துக்கு நீளமாக்கினால் கட்டி.

இதை ரொம்ப எளிமையாகத் தீர்த்தது பெல்ஜியத்தின் பெக்கார்ட் நிறுவனம். 1880-ல் முள்கம்பி செய்ய ஆரம்பித்த கம்பெனி அது. கம்பி அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். 1970-களில் கம்பித் துண்டின் ரெண்டு முனையையும் கொக்கி மாதிரி வளைத்தார்கள். 1918-ல் ஆல்ஃப்சென் சொன்னது ஞாபகம் இருக்கா? அதேதான். கட்டி தட்டுகிற பிரச்சினைக்கு, துண்டுகளைத் தண்ணீரில் கரையும் பசையால் வரிசையாக ஒட்டினார்கள். பார்க்க அப்படியே ஸ்டேப்ளர் பின் பட்டை. பட்டையாகவே மிக்சருக்குள் விழும், ஜல்லியோடு உருளும்போது பசை கரையும், துண்டுகள் தனித்தனியாகப் பிரிந்து பரவும்.

கொக்கியின் வேலையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். விரிசல் திறக்கும்போது அந்தக் கம்பி வெளியே இழுபடுகிறது. வளைந்த முனை நேரானால்தான் தன் துளை வழியாக வெளியே வர முடியும். ஒரு கம்பியை வளைத்து நிமிர்த்தப் பாருங்க, கையில் சூடு தெரியும். அந்த உழைப்பு முழுக்க, பீமை உடைக்க வந்த ஆற்றலில் இருந்துதான் போகிறது. அதே சமயம் பிடிமானம் அளவுக்கு மீறியும் இருக்கக் கூடாது. கம்பி உருவிக்கொண்டு வராமல் 'டக்' என்று அறுந்துவிட்டால், மறுபடியும் பழைய "படார்" கதைதான். பிடிக்கவும் வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

ஒரு சின்ன கணக்கு. 60 மில்லிமீட்டர் நீளம், 0.75 மில்லிமீட்டர் விட்டம் உள்ள துண்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்குச் சுமார் 4,800 துண்டு வரும். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 40 கிலோ போட்டால் ஏறக்குறைய 1,90,000 துண்டுகள். அந்த ஒரு கன மீட்டரின் மொத்த எடை சுமார் 2,400 கிலோ. கன அளவில் எஃகின் பங்கு அரை சதவீதம்தான். அந்த அரை சதவீதம் எல்லா மூலையிலும் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

மலைக்குள் நிற்கிற ஆள்

இந்தக் கான்கிரீட் தன் உண்மையான வேலையைக் கண்டுகொண்டது மலைக்குள்.

வெடிவைத்துச் சுரங்கப்பாதை தோண்டும்போது, வெடித்து முடித்த உடனே தலைக்கு மேலே இருக்கிற பாறை தளர்ந்து நிற்கும். அதன்மேல் கான்கிரீட்டைப் பீய்ச்சி அடிப்பார்கள். (இந்தச் சிமெண்ட் துப்பாக்கியைக் கண்டுபிடித்த கார்ல் ஏக்லி, சிகாகோ அருங்காட்சியகத்தில் செத்த மிருகங்களைப் பாடம் பண்ணி வைத்தவர். நம்புங்க, உண்மைதான்.) ஆனா வெறும் கான்கிரீட் இழுவை தாங்காதே? அதனால் பாறையில் கம்பி வலையை அடித்து, அதற்கு மேல் பீய்ச்சினார்கள்.

அந்த வலையை யார் மாட்டுவது? ஆட்கள்தான். தளர்ந்த பாறைக்கு நேர் கீழே நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கி, கரடுமுரடான பாறையில் வலையை ஒட்ட வைத்து ஆணி அடிக்க வேண்டும். பாறை விழுமா என்பது தெரிவதற்கு முன்னால் அங்கே மனிதன் நிற்க வேண்டும். தவிர, வலை பாறையின் மேடு பள்ளத்தோடு ஒட்டாது. பின்னால் வெற்றிடம் விழும், கான்கிரீட்டும் வீணாகும்.

1973-ல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, ஐடஹோ மாநிலத்தின் ரிரி அணைக்கட்டில் ஒரு சுரங்க வழியில் எஃகு இழை கலந்த கான்கிரீட்டைப் பீய்ச்சியது. 1970-களின் கடைசியில் நார்வே இதைக் கையில் எடுத்தது. மலைக்குள் பாதை போடாமல் அந்த நாட்டில் ஊருக்கு ஊர் போக முடியாது. ஈரக் கலவையில் கம்பித் துண்டுகளைச் சேர்த்து, இயந்திரக் கையால் பீய்ச்சும் முறையை அவர்கள் வழக்கமாக்கினார்கள். கையை இயக்குபவர் ஏற்கெனவே பாதுகாப்பான பகுதியில் நிற்பார். கான்கிரீட் பாறையின் வளைவு நெளிவோடு அப்படியே ஒட்டும். வலை மாட்டும் வேலையே இல்லை. 2000-ல் திறந்த 24.5 கிலோமீட்டர் லேர்டால் சாலைச் சுரங்கமும் இந்த முறையைப் பயன்படுத்திக் கட்டியதுதான்.

மலை நகரும். அதை யாரும் நிறுத்த முடியாது. மேலே பூசின தோல் அதோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்து, விரிசல் விட்டு, விழாமல் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டஃப்னெஸ் என்ற குணத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது.

எல்லாத்துக்கும் இது மருந்தா?

இல்லை. உங்க அபார்ட்மெண்ட்டின் தூணிலும் பீமிலும் நீளக் கம்பியை எடுத்துவிட்டு இதைப் போட முடியாது. துண்டுகள் எல்லாத் திசையிலும் கிடப்பதால், ஒரு விரிசலுக்கு எதிராகச் சரியாக நிற்பது அவற்றில் ஒரு பகுதிதான். கலவை சரியில்லை என்றால் ஒரு இடத்தில் நிறைய, ஒரு இடத்தில் காலி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டுகள் மழையில் துருப்பிடித்துப் புள்ளி புள்ளியாகக் கறை விடும். இது பொருந்துவது குடோன் தரை, சுரங்கப்பாதை, அதன் வளையத் துண்டுகள், சாலைத் தளம் மாதிரி, எங்கே விரிசல் வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாத இடங்களுக்கு.

கடைசியாக, இதைச் சோதிக்கும் முறை. 2005-ல் வந்த ஐரோப்பியத் தரநிலையில், பீமின் அடியில் வேண்டுமென்றே 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அறுத்துவிடுகிறார்கள், துணிக்கடை வெட்டு மாதிரி. அப்புறம் அழுத்தி, அந்த வாய் 0.5 மில்லிமீட்டர் திறந்தபோது எவ்வளவு தாங்குகிறது, 1.5-ல் எவ்வளவு, 2.5-ல் எவ்வளவு, 3.5-ல் எவ்வளவு என்று குறிக்கிறார்கள். இந்த நாலு எண்களும் உடைய ஆரம்பித்த பிறகானவை. 1943-ல் கான்ஸ்டன்டினெஸ்கோ பேசிய விஷயம், 60 வருஷம் கழித்து ஒரு சோதனைத் தாளில் கட்டமாக மாறிவிட்டது.

என் வேலையில் சர்வர் விழும். விழுந்தால் லாக் பார்க்கலாம், ரீஸ்டார்ட் பண்ணலாம், நைட் தூக்கம் கெடும், அவ்வளவுதான். அந்த ரூம்மேட் இப்போ வடக்கே ஒரு மலைச் சுரங்க வேலையில் இருக்கிறான். இந்த எபிசோடுக்காகப் போன் பண்ணி, காலேஜில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்டேன். சிரித்தான்.

"டேய், மலை எப்போ நகரும்னு எங்க யாருக்கும் தெரியாது. எங்களுக்கு வேண்டியது ஒண்ணுதான். விரிசலைப் பார்த்துட்டு, உள்ள இருக்கிற ஆளுங்களைக் கூப்பிட்டு, எல்லாரும் வெளிய வர்ற வரைக்கும் அது நிக்கணும்."

லேபில் நான் மொபைலைப் பார்த்த அந்த ஒரு நொடி. அதை நிமிஷமாக, நாளாக, மாசமாக நீட்டிக் கொடுக்கிறது, ஒரு விரல் நீளம்கூட இல்லாத கம்பித் துண்டு.

அடுத்த எபிசோடில் ஆஸ்பெஸ்டாஸ். அதுவரைக்கும், உங்க வீட்டில் யாராவது மண் சுவரோ, சுண்ணாம்புப் பூச்சோ பார்த்திருந்தால், அதில் என்ன கலந்தார்கள் என்று கேட்டு வையுங்க. வணக்கம்.